பந்தயத்துக்கு முந்தைய பந்தி

சென்னையின் ஓட்டக் குழு ஒவ்வொன்றிலும் இப்படி ஒருவர் இருப்பார். ஓட்டத்தில் அவர் நடுத்தரம். சில நாள் அதற்கும் சற்றுக் கீழே. ஆனால் பந்தயத்துக்கு முன் எங்கே சாப்பிடுவது, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது, எதைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவது ஆகிய மூன்றிலும் அவர் வைத்ததுதான் சட்டம். குழுவில் அவருக்குக் 'கார்ப் அண்ணன்' என்று பெயர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கையில் வேகத்தையும் இதயத் துடிப்பையும் அளக்கும் கடிகாரம், இடுப்பில் ஜெல் பாக்கெட் வைக்கும் பெல்ட். பெல்ட்டில் ஜெல் இருக்காது. கடலை மிட்டாய் இருக்கும்.

ஆண்டின் பெரும்பகுதி அவரைக் காண்பது அரிது. ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் என்றால் குழுவின் வாட்ஸ்அப்பில் "முழங்கால்" என்ற ஒற்றைச் சொல் வரும். விடுப்பு விண்ணப்பம் அவ்வளவுதான். மார்கழி பிறந்து, ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தான் நெருங்கியதும் முழங்கால் தானாகக் குணமாகிவிடும். "யாரும் கவலைப்படாதீங்க, சாப்பாடு நம்ம பொறுப்பு" என்பது அவருடைய முதல் அறிவிப்பு. அதுவரை யாரும் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். அறிவிப்புக்குப் பிறகுதான் கவலை ஆரம்பிக்கும்.

பந்தயத்துக்கு முன் கார்ப், அதாவது மாவுச்சத்து, நிறைய உண்ண வேண்டும் என்ற அவருடைய கொள்கைக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது என்று யாரும் சொல்ல முடியாது. மாவுச்சத்து உடலில் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது. தசைகளில் ஏறத்தாழ 400 முதல் 500 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். விடாமல் வேகமாக ஓடினால் ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இந்தக் கையிருப்பு வற்றத் தொடங்கும். 1960-களில் ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ரம், ஹுல்ட்மன் என்ற ஆய்வாளர்கள் தொடைத் தசையில் ஊசியால் துணுக்கு எடுத்து இதை அளந்தார்கள். சில நாள் மாவுச்சத்தை ஒதுக்கி, கடுமையாகப் பயிற்சி செய்து கையிருப்பைக் காலி செய்துவிட்டு, பிறகு மாவுச்சத்தை நிறைய உண்டால் தசை வழக்கத்தைவிட அதிகமாகச் சேமிக்கிறது என்று கண்டார்கள். பிரிட்டன் வீரர் ரான் ஹில் இந்த முறையைப் பின்பற்றி, 1969-இல் ஏதென்ஸில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் மாரத்தானை வென்றார்.

கார்ப் அண்ணன் இந்த ஆய்வின் பின்பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டவர். மாவுச்சத்தை ஒதுக்குவது, கடுமையாகப் பயிற்சி செய்வது ஆகிய முன்பாதி தமிழ்நாட்டுத் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராது என்பது அவர் துணிபு. (இந்த ஒரு விஷயத்தில் இன்றைய விஞ்ஞானிகளும் அவர் பக்கமே. முன்பாதி தேவையில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. இது தெரிந்த நாளிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை.)

கணக்கும் அவருக்குப் பாடம். 90 நிமிடத்துக்கு மேற்பட்ட போட்டிக்கு, அதற்கு முந்தைய ஒன்றரை நாள் முதல் இரண்டு நாள் வரை, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 10 கிராமிலிருந்து 12 கிராம் மாவுச்சத்து என்பது விளையாட்டு உணவியல் நூல்கள் தரும் அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 600 கிராம். ஒரு இட்லியில் சுமார் 12 கிராம் என்று வைத்தால், ஒரு நாளுக்கு 50 இட்லி. இந்த எண்ணைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு ஒளி வரும். தம்முடைய எடை 60 கிலோ இல்லை, 86 என்பதால், தம் பங்கு இன்னும் கூடும் என்பதையும் அவரே அடக்கத்துடன் நினைவூட்டுவார். எந்தப் போட்டிக்கு என்ற சொல் மட்டும் அவர் கணக்கில் வராது. அவர் பதிவு செய்திருப்பது 10 கிலோமீட்டர்.

10 கிலோமீட்டரை மெதுவாக ஓடினாலும் ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஓடுகிறவர் தம் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு, ஏறத்தாழ ஒரு கலோரி செலவழிக்கிறார். அவருக்கு அந்தக் காலைக்குச் செலவு 860 கலோரி. வழக்கமான கையிருப்பே அதைத் தாங்கும். தனியாக நிரப்ப வேண்டியதில்லை. இதை எடுத்துச் சொல்லும் இளைஞர் எவராவது குழுவில் இருந்தால், "தம்பி, தியரி வேற, கிரவுண்ட் வேற" என்ற பதில் வரும். கிரவுண்ட் என்று அவர் சொல்வது ஓட்டலை.

அந்த ஓட்டல்களைப் பற்றிய அவர் அறிவை மட்டும் குறை சொல்ல முடியாது. அண்மை ஆண்டுகளில் முழு மாரத்தானும் 10 கிலோமீட்டர் ஓட்டமும் நேப்பியர் பாலத்தருகே தொடங்குகின்றன. அங்கிருந்து சேப்பாக்கம் மைதானத்துக்கு நடந்தே போகலாம். மைதானத்தைத் தாண்டினால் திருவல்லிக்கேணி. மேன்ஷன் அறைகளில் தங்கிய பல தலைமுறை பிரம்மச்சாரிகளுக்கு மூன்று வேளையும் பொங்கிப் போட்ட பேட்டை அது. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்க்கப் போனவர்களுக்கு முன்கூட்டிச் சாப்பிடும் கவலை இருந்ததில்லை. பொங்கலையொட்டி அங்கே டெஸ்ட் நடந்த காலத்தில் புளியோதரைப் பொட்டலமும் தயிர்சாதத் தூக்கும் உள்ளேயே வந்துவிட்டன, ஓவருக்கு ஓவர் பிரித்து உண்ண முடிந்தது. ஓடுகிறவருக்கு அந்த வசதி இல்லை. எல்லாம் முன்பே முடித்தாக வேண்டும் என்ற இந்த நெருக்கடிதான் கார்ப் அண்ணனை உருவாக்குகிறது.

பந்தயத்துக்கு முந்தைய நாளில் அவர் வகுக்கும் வழித்தடம் பந்தயத் தடத்தைவிட நுணுக்கமானது. காலையில் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கபே. 1948 முதல் இருக்கும் கடை. இட்லி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சாம்பாரை ஊற்றுவது அங்கே மரபு. இட்லி மாவுச்சத்து, சாம்பார் 'ஹைட்ரேஷன்' என்று அவர் பிரித்துச் சொல்வார். மதியத்துக்கு அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ். டோக்கன் வாங்கிக் காத்திருந்து இலையில் உட்காரும் இடம். அங்கே காத்திருக்கும் நேரத்தை அவர் கால்களுக்கான ஓய்வு என்று கணக்கில் எழுதுவார், நின்றுகொண்டே. குழுவில் அசைவப் பிரிவு கிளர்ந்தெழுந்தால் 1961 முதல் சேப்பாக்கத்தில் இருக்கும் நாயர் மெஸ். சோறும் மீன்குழம்பும் வஞ்சிரம் வறுவலும். இரவுக்கு அண்ணா சாலை புகாரி. சிக்கன் 65 பிறந்த இடம் என்று சொல்லப்படும் கடை என்பதால் அதைத் தவிர்ப்பது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம். பிரியாணி அரிசி, அரிசி மாவுச்சத்து, ஆகவே பிரியாணி பயிற்சி.

இந்தப் பட்டியலில் உள்ள கடைகள் எல்லாம் நல்ல கடைகள். பட்டியல்தான் தவறு. எண்ணெயும் கொழுப்பும் இரைப்பையிலிருந்து மெதுவாகவே கீழே இறங்கும். காரமும் நார்ச்சத்தும் பருப்பும் ஓடும்போது குலுங்குகிற குடலுக்கு ஆகாது. முந்தின நாள் உணவு சப்பென்று, பழகியதாக, இரவு சீக்கிரம் முடிந்ததாக இருக்க வேண்டும் என்பதே பயிற்சியாளர்கள் பலரும் சொல்வது. இட்லியும் தயிர்சாதமும் இந்த இலக்கணத்துக்கு அப்படியே பொருந்துகின்றன. அவை வீட்டிலேயே கிடைக்கின்றன என்பதுதான் கார்ப் அண்ணன் பார்வையில் அவற்றின் குறை.

பந்தியில் அவரைப் பார்க்க வேண்டும். பெண் வீட்டுப் பெரியப்பா போல இலை இலையாகப் போய் விசாரிப்பார். "என்ன ப்ரோ, இவ்வளவுதானா? நாளைக்கு முப்பதாவது கிலோமீட்டர்ல சுவர் வரும், பார்த்துக்கோ." மாரத்தான்காரர்கள் சுவர் என்று சொல்வது கையிருப்பு தீர்ந்து கால் நகர மறுக்கும் நிலையை. ப்ரோவும் ஓடப்போவது 10 கிலோமீட்டர்தான். முப்பதாவது கிலோமீட்டர் அவர் வழியில் வராது. ஆனாலும் பயத்தில் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார். உண்மையாகவே 42 கிலோமீட்டர் ஓடப்போகும் ஒல்லியான பெண் ஒருத்தி ஓரமாக உட்கார்ந்து வெறும் சோற்றில் தயிரைப் பிசைந்துகொண்டிருப்பாள். அவளிடம் மட்டும் அவர் எதுவும் சொல்வதில்லை. அவளுடைய நேரம் என்னவென்று அவருக்குத் தெரியும்.

உபசாரத்தின் விளைவு அன்றிரவே தராசில் ஏறும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்தே தங்குவதால், முறையாக நிரப்பிய ஓட்டக்காரருக்கே ஒன்றிரண்டு கிலோ கூடுவது இயல்பு. கார்ப் அண்ணன் இதை முன்னரே அறிவித்து, தம் உடலில் கூடியது முழுவதும் தண்ணீரே என்று சான்றளித்துவிடுவார். அந்தத் தண்ணீர் பிப்ரவரியிலும் அவரிடமே இருக்கும்.

பந்தயக் காலை வேறு வகைச் சிக்கல். ஓட்டத்துக்கு ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் முன்பு லேசாக ஏதாவது சாப்பிட வேண்டும் என்பது விதி. முழு மாரத்தான் விடிவதற்கு வெகு முன்பே புறப்படுவதால், அந்த விதிப்படி நள்ளிரவு தாண்டியதும் உண்ண வேண்டும். அந்நேரத்தில் நம்பத்தக்க ஓட்டல் எதுவும் இருக்காது. சாலைகளையும் காவல்துறை அடைக்கத் தொடங்கியிருக்கும். அனுபவசாலிகள் ஒரு வாழைப்பழம், இரண்டு ரொட்டித் துண்டு, கொஞ்சம் பேரீச்சம்பழம் என்று பையில் கொண்டுவந்துவிடுவார்கள். கார்ப் அண்ணன் சைக்கிளில் கேன் கட்டி டீயும் காபியும் விற்பவரைத் தேடுவார். காபியில் உள்ள காஃபீன் ஓட்டத்துக்கு உதவும் என்பது ஆய்வுகள் ஒப்பும் உண்மை. அதே காபி, முந்தின நாள் வரிசையாக உள்ளே சென்ற அத்தனை பேரையும் வெளியே வரச் சொல்லும் என்பதும் உண்மை.

தற்காலிகக் கழிப்பறை வரிசையில்தான் அவருடைய சீடர்கள் அனைவரையும் ஒரே இடத்தில் காண முடியும். புகாரிப் பிரிவு முன்னால், மீன்குழம்புப் பிரிவு பின்னால். ஓட்டம் தொடங்கும் அறிவிப்பு ஒலிபெருக்கியில் வரும்போது வரிசையில் பாதிப் பேர் இன்னும் நின்றுகொண்டிருப்பார்கள். "நெர்வஸ்னஸ், அதான்" என்று அவர் விளக்கம் தருவார்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் இரண்டு கிலோமீட்டர் ஓட்டம், பிறகு நடை, தண்ணீர் மேசை வந்தால் மறுபடி ஓட்டம், புகைப்படக்காரர் தென்பட்டால் பாய்ச்சல். தரமணியில் பந்தயம் முடிந்ததும் பதக்கமும் ஒரு சிற்றுண்டிப் பொட்டலமும் தருவார்கள். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, "இதெல்லாம் ரெகவரிக்குப் பத்தாது" என்று சொல்லிவிட்டு, பறக்கும் ரயிலைப் பிடிப்பார். ரயில் பாதையில் தரமணியும் உண்டு, திருவல்லிக்கேணியும் உண்டு. வியர்க்க விறுவிறுக்கத் தெற்கே வந்த தூரத்தை, உட்கார்ந்தபடியே அதைவிடக் குறைந்த நேரத்தில் வடக்கே கடந்துவிடலாம்.

அன்று அவர் சொல்வதில் பாதி சரியாகவே இருக்கும். ஓடிய பிறகு சேமிப்பை நிரப்பிக்கொள்ள மாவுச்சத்தும், தசை தேற புரதமும் வேண்டும். இட்லியும் சாம்பாரும் இரண்டையும் தருகின்றன. சாம்பாரில் உள்ள உப்பு வியர்வையில் போனதை ஈடு செய்கிறது. ஆகவே நேப்பியர் பாலத்தில் 10 கிலோமீட்டர் ஓடப் பதிவு செய்திருப்பவர்கள் முந்தின இரவு வீட்டுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு படுத்துவிடுவது நல்லது. திருவல்லிக்கேணிக் கடைகள் ஓட்டம் முடிந்த பிறகும் திறந்தேதான் இருக்கும்.