பழைய மாணவன் ஆக முடியாதவன்

பள்ளித் தோழர்களை நினைத்துப் பார்க்க வேண்டுமானால் முதலில் அவர்களைக் கொஞ்சமாவது மறந்திருக்க வேண்டும். கொல்லிமலையில் குடியிருப்பவனுக்கு அந்த வசதி கிடையாது. காலையில் பால் ஊற்ற வருகிறவன் என்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ரேஷன் கடையில் கட்டைவிரலைத் துடைத்துவிட்டு மறுபடி வை என்று அதட்டுகிறவன் என் பெஞ்சு. செம்மேட்டில் டீக்கடை வைத்திருப்பவன் பத்தாம் வகுப்பில் என் பேப்பரைப் பார்த்து எழுதி, என்னோடு சேர்ந்தே கணக்கில் தோற்று, என்னோடு சேர்ந்தே அக்டோபரில் எழுதினான். அந்தக் கோபத்தில் இன்று வரை எனக்கு டீ கடன் கொடுப்பதில்லை.

இதெல்லாம் போகட்டும். என் மனைவியும் அதே பள்ளிதான். எனக்கு இரண்டு வகுப்பு இளையவள். அத்தை மகள் வேறு.

ஊரில் மற்ற அப்பன்மார்கள் பிள்ளைகளை உட்கார வைத்து, "நாங்க படிக்கிறப்போ..." என்று ஆரம்பித்து எவ்வளவு அழகாக அளக்கிறார்கள்! நான் அந்தப் "படிக்கிறப்போ"வில் இருக்கும்போதே அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்பு வரும். எங்கள் மலையின் கொல்லிப்பாவை சிரித்தே ஆளைக் கொல்லும் என்று ஒரு கதை உண்டு. ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பாவையை எங்கெங்கோ தேடுகிறார்கள். என் வீட்டுப் பக்கம் யாரும் வந்து பார்த்ததில்லை.

ஒருமுறை மகன் என் பத்தாம் வகுப்புச் சான்றிதழை எங்கிருந்தோ உருவி எடுத்துவிட்டான். மதிப்பெண்ணைப் பார்க்கும் முன் அவன் கண்ணில் பட்டது மாவட்டம். "சேலம்னு போட்டிருக்குப்பா. இது வேற யாரோடதோ." நாமக்கல் தனி மாவட்டமானதே 1997-இல்தான், அதற்கு முன்னால் நாமெல்லாம் சேலம்தான் என்று நான் விளக்கியிருக்கலாம். ஆனால் அவன் விரல் கணக்குப் பாடத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஆமாம்டா, வேற யாரோடதோதான் என்று வாங்கி மடித்து வைத்துவிட்டேன்.

இப்படிப்பட்டவனிடம்தான் மலையிறங்கிப் போன தோழர்கள் பழைய மாணவர் சந்திப்பு நடத்தலாம் என்று வந்தார்கள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் ஒருவன், திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒருவன், சேலத்தில் இன்சூரன்ஸ் போடச் சொல்லியே நண்பர்களைப் பாதியாகக் குறைத்துக்கொண்ட ஒருவன். 2018-இல் '96' படம் வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு கல்யாண மண்டபமும் சும்மா இருப்பதில்லை. காதலித்தவனுக்கும் ஏக்கம், காதலிக்காதவனுக்கு அதைவிட ஏக்கம். "உனக்கு அந்த ஏக்கம் இல்லையாடா?" என்று திருப்பூர்க்காரன் கேட்டான். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, பதிலைக் கேட்டுவிட்டே போவது என்று நின்றாள். இல்லை என்றேன். அதற்கும் முறைத்தாள்.

உள்ளூர் ஏற்பாட்டுக் குழு என்று ஒன்று அமைத்தார்கள். தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் எல்லாம் நான்தான்.

அன்றிலிருந்து போன் வர ஆரம்பித்தது. யாரும் வாத்தியாரைப் பற்றிக் கேட்கவில்லை. "மலைவாழை கிடைக்குமா? நாலு தார் சொல்லி வை." "அன்னாசி இப்ப சீசனா?" "வீட்ல மாமியாருக்கு நெஞ்சுச் சளி, கொஞ்சம் மிளகு இருந்தா..." அந்தக் கொஞ்சம் மிளகு என்பது என்னவென்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு மூன்று நான்கு மடங்கு ஏறி நிற்கும். தை, மாசியில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, கீழே நிற்கும் மனைவி "இன்னும் மேல, இடது பக்கம், உங்களுக்கு இடது எதுன்னே தெரியாதா மாமா" என்று சொல்லச் சொல்லச் சரம் சரமாகப் பறிக்க வேண்டும். பிறகு மிதித்து உதிர்த்து, பாயில் காயவைத்து, மேகம் வந்தால் ஓடிப்போய் மூட வேண்டும். இவ்வளவும் செய்தால் மூன்று கிலோ பச்சை மிளகு ஒரு கிலோ காய்ந்த மிளகாகச் சுருங்கும். மாமியாரின் சளிக்கு அதுதான் போகிறது.

பட்டியல் எடுப்பது அடுத்த தலைவலி. எங்கள் காலத்தில் பெரியசாமி, சின்னசாமி, வெள்ளையன் என்ற மூன்று பெயர்களுக்குள் பாதி வகுப்பு அடங்கிவிடும். மலையில் இருப்பது 14 ஊராட்சிகள், பெரும்பாலும் நாடு என்று முடிகிறவை: குண்டூர் நாடு, சேலூர் நாடு, தேவானூர் நாடு, வளப்பூர் நாடு, இப்படி. அதனால் குண்டூரான், சேலூரான், தேவானூரான் என்று நாட்டைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுவோம். இப்போது ஒவ்வொருவனும் விசிட்டிங் கார்டில் இன்ஷியலோடு முழுப்பெயர் போட்டுக்கொண்டு வருகிறான். கார்டைப் பார்த்தால் யாரென்றே தெரியவில்லை. "டேய், தேவானூரான்" என்றால் உடனே திரும்புகிறான்.

நாங்கள் படித்தது அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. தட்டு மட்டும் அவரவருடையது. அலுமினியத் தட்டு. மாறிப்போகாமல் இருக்க ஆணியும் கல்லும் வைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்தி அடியில் இன்ஷியல் போட்டுக்கொள்வோம். என் தட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. மாவுக் குண்டானுக்கு மூடியாக இருக்கிறது. அது தன் தட்டு என்பது மனைவியின் வாதம். இருவருக்கும் அதே இன்ஷியல்தான். எழுத்து நேராக இருக்கிறது, ஆகவே நீங்கள் குத்தியதாக இருக்க முடியாது என்கிறாள். இந்த வழக்கில் சாட்சி சொல்ல டீக்கடைக்காரன் ஒருவன்தான் தகுதியானவன். அவன் எந்தப் பக்கம் சொல்வான் என்று எனக்குத் தெரியும்.

வாத்தியார்கள் கதை வேறு. தோழர்கள் இங்கேயே கிடந்தோம், வாத்தியார்கள்தான் வந்து வந்து போனவர்கள். அந்தக் காலத்தில் கீழே யாரையாவது மிரட்டவேண்டுமென்றால் "மலைக்கு மாத்திடுவேன்" என்பார்களாம். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டியதும் கொண்டை ஊசி வளைவு 1/70 என்று பலகை வரும். இருபது வரை வாத்தியார்கள் பேசிக்கொண்டு வருவார்கள். நாற்பதில் கண்ணை மூடுவார்கள். அறுபதில் ஜன்னலோரத்தை விட்டுத்தரச் சொல்லி மாணவனிடமே கெஞ்சுவார்கள். திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டுதான் உள்ளே நுழைவார்கள். திங்கட்கிழமைகளில் எங்களை யாரும் அடித்ததில்லை. கை தூக்கத் தெம்பு இருக்காது.

தமிழய்யா மட்டும் இறங்கவில்லை. செம்மேட்டிலேயே ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குடும்பத்தோடு தங்கிவிட்டார். அவர்தான் எங்களுக்கு வல்வில் ஓரியைச் சொல்லிக்கொடுத்தவர். ஓரி எய்த ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியை, மானை, காட்டுப்பன்றியை வீழ்த்தி, கடைசியில் உடும்பில் போய்த் தைத்ததை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருப்பதாக அவர் விளக்குவார். அடுத்த பீரியடில் கணக்கு வாத்தியார் அதைச் செய்தே காட்டுவார். ஒரே டஸ்டர். குண்டூரான் தலையில் பட்டு, சேலூரான் காதை உரசி, என் மூக்கில் முடியும். அந்த உடும்பின் வருத்தம் என்னைப்போல் யாருக்கும் புரிந்திருக்காது.

மகனுக்கு இந்த ஓரி கதையெல்லாம் அலுத்துவிட்டது. "நம்ம மலையில பொறந்து வெளிநாடெல்லாம் பேர் எடுத்தவங்க யாருமே இல்லையாப்பா?" என்றான் ஒருநாள். பால் பிராண்டைச் சொன்னேன். மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டுக்கும் எவலினுக்கும் 1914-இல் இந்த மலையில் பிறந்தவர். அம்மாதான் வாத்தியார். பையன் மரத்தின் மேல் உட்கார்ந்து பாடம் எழுதுவானாம். ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்து போனார். அப்பா 1929-இல் காய்ச்சலில் இங்கேயே இறந்தார். அந்தப் பையன் டாக்டராகி வேலூர் சி.எம்.சி.க்குத் திரும்பிவந்து, தொழுநோயில் மடங்கிப்போன கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்றார். இவ்வளவையும் சொல்லி முடித்தேன். மகன் மனதில் நின்றது மரம் மட்டும். மறுநாள் பலாமரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டான். பாடம் எழுதுகிறான் என்று பூரித்துப்போய்ப் பார்த்தால், அங்கேதான் சிக்னல் கிடைக்கிறதாம்.

அவனை இப்போது கீழே ஒரு தனியார் பள்ளி விடுதியில் சேர்த்திருக்கிறோம். முட்டைக்கும் மார்க்குக்கும் பேர் போன மாவட்டம் எங்களுடையது. ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு 2017-இல் நிறுத்திவிட்டது, ஆனாலும் பெற்றோர்களான நாங்கள் நிறுத்தவில்லை. லீவில் வந்தவனிடம் பக்கத்துப் படுக்கைப் பையன் எந்த ஊர் என்று கேட்டேன். தெரியாதாம். யூனிட் டெஸ்டில் அவன் எத்தனையாவது என்பது தெரிந்திருந்தது. முப்பது வருஷம் கழித்து இவர்கள் சந்திப்பு வைத்தால் என்ன பேசுவார்களோ. மிளகு வேண்டும் என்றாவது யாராவது கேட்க வேண்டும்.

சந்திப்பு நாள் வந்தது. மண்டப வாசலில் ஆளுயர பிளெக்ஸ். கீழே இருந்து வந்தவர்கள் வேனைவிட்டு இறங்கியதும் பள்ளிக்கால நினைவில் முதலில் தேடியது எலுமிச்சம்பழம். பிறகு விடுதிக் களியைப் போல் உலகத்தில் ருசி கிடையாது என்று இன்சூரன்ஸ்காரன் மைக்கில் கண்கலங்கினான். அவன் அந்தக் களியை உருட்டி ஜன்னல் வழியாக வீசியதைப் பார்த்தவர்கள் முன்வரிசையில் ஒரு பத்துப்பேர் இருந்தோம். மைக் அவன் கையில் இருந்ததால் ஒன்றும் செய்யமுடியவில்லை.

தமிழய்யாவை அவர் மகன் வீட்டிலிருந்து காரில் அழைத்து வந்திருந்தார்கள். எழுபத்தைந்துக்கு மேல் வயது. எழுபது வளைவையும் விழித்தபடியே தாண்டி வந்தவர் அவர் ஒருவர்தான். பொன்னாடை போர்த்தும் வேலை எனக்கு. போர்த்தினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருப்பா நீ?"

பெயர் சொன்னேன். நாட்டைச் சொன்னேன். பெஞ்சைச் சொன்னேன்.

"ஓரசைச்சீர், ஈரசைச்சீர் நடத்தினேனே. தேமா, புளிமா... மேல சொல்லு."

"கருவிளம்" என்றேன். அதற்கு மேல் காற்றுதான் வந்தது. பின்னாலிருந்து "கூவிளம்" என்று ஒரு குரல். தமிழய்யா முகம் மலர்ந்துவிட்டது. "அடடே, நீயாம்மா! ஒப்பித்தல் போட்டியில பரிசு வாங்கின பொண்ணுதானே? இப்ப எங்கம்மா இருக்க?" என் மனைவி என்னைக் கைகாட்டினாள். அய்யா என்னை மறுபடி ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பெரிய மனுஷர்.

சாப்பாடு முடிந்து எல்லாருக்கும் நினைவுக் கேடயம் கொடுத்தார்கள். என்னுடையதில் சேலூரான் பெயர் இருந்தது. அவனுடையதில் என் பெயர் இருக்குமென்று பார்த்தால், அதிலும் அவன் பெயர்தான். வேன் புறப்படும்போது மலைவாழை, அன்னாசி, மிளகு எல்லாம் ஏறிவிட்டன. மண்டப வாடகை பாக்கியும் நானும் மட்டும் கீழே நின்றோம். உள்ளூர் ஏற்பாட்டுக் குழு உடனடியாகக் கூடி, பாக்கியை ஏற்றுக்கொள்வதென்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது.

அடுத்த கூட்டம் ஆடி 18, வல்வில் ஓரி விழாவோடு செம்மேட்டில். எங்கள் மலையில் எப்போதாவது வேலை பார்த்த ஆசிரியர் யாராவது இதைப் படித்தால் அவசியம் வாருங்கள். எலுமிச்சம்பழமும் ஜன்னலோர சீட்டும் எங்கள் பொறுப்பு, மிளகும் உங்களுக்கு இலவசம். பழைய மாணவர்கள் மட்டும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளவும்.