சில்ட்ரன்ஸ்கள்: பேராக் பன்மையியலுக்கு ஒரு முன்னுரை

ஆங்கிலத்தில் ஒன்றைப் பலவாக்க 'எஸ்' போதும் என்று நம்பி, ஈப்போவும் அதைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களும் தலைமுறை தலைமுறையாக ஏமாந்திருக்கின்றன. அந்த 'எஸ்'ஸுக்கு அடங்காத சொற்களே இவ்வாய்வின் பொருள். 1966-இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டையே கோலாலம்பூரில் கூட்டிய நாடு இது. ஆயினும் இத்துறை தரிசாகவே கிடக்கிறது.

ஆக்ஸ், ஆக்ஸன்: தோட்டத்தில் மாட்டுவண்டி போயிற்று, கூடவே இதுவும் போயிற்று.

ஷீப்: மாறாது. கடையில் மட்டன் என்றுதான் கேட்கிறார்கள்.

லேடீஸ்: பேராக் வழக்கில் இது ஒருமை. 'ஒரு லேடீஸ் வந்து கேட்டாங்க' என்பது சான்று (புந்தோங் மளிகைக்கடை வாய்மொழி, கல்லாப்பெட்டிக்கு இடப்புறம்). பலர் வந்தால் 'லேடீஸுங்க'. 'லேடி' தனித்து வாழாது. பின்னால் ஒரு டாக்டராவது வேண்டும்.

இனி சைல்ட். இங்கே சற்று உட்கார வேண்டும். பழைய ஆங்கிலத்தில் இதன் பன்மை 'சில்ட்ரு'. பிறகு அது 'சில்டர்' என்றாயிற்று. அதுவே பன்மைதான் என்பதை மறந்த ஆங்கிலேயர், ஆக்ஸனில் இருக்கும் 'என்' விகுதியை அதன் வாலிலும் கட்டி 'சில்ட்ரன்' ஆக்கினர். ஆக, அது இரட்டைப் பன்மை. நம்மவர் அதே வழியில் 'எஸ்' சேர்த்து 'சில்ட்ரன்ஸ்' என்றனர். மனம் ஆறாமல் 'சில்ட்ரன்ஸ்கள்' என்றும் சொன்னார்கள். துரைமார் பாதி நிரையில் போட்டுவிட்டுப் போனதைக் கடைசி மரம்வரை வெட்டி முடித்தவர்கள் இவர்கள்.

ஈற்றில் நிற்கும் 'கள்' பற்றிக் கட்சிகள் மூன்று. தொல்காப்பியம் 'கள்' விகுதியை அஃறிணைக்கே வகுத்தது. ஆகவே இச்சொல் பிள்ளைகளின் திணையைச் சரியாகவே சுட்டுகிறது என்பது தமிழாசிரியர் கட்சி (படிவம் மூன்று விடைத்தாள், ஓரக்குறிப்பு, சிவப்பு மை). இது தோட்டத்துக் கள்ளுக்கடையில் பிறந்தது, உள்ளே போனால் ஒன்று இரண்டாகத் தெரியும், அதுவே பன்மை என்பது எதிர்க்கட்சி (சுங்கை சிப்புட் வட்டாரக் கள்ளுக்கடைச் சுவர், கரியெழுத்து, மழையில் பாதி அழிந்த பாடம், அதற்குச் சம்பள நாளன்று எழுந்த உரை, அவ்வுரைக்கு மறுநாள் விடிகாலைப் பெரட்டில் மண்டோர் அருளிய, அச்சேற்றத் தகாத மறுப்புரை). மூன்றாம் கட்சியினர் 'வாழ்த்துகள்' என்பதில் 'க்' மிகுமா மிகாதா என்று இன்னும் அடித்துக்கொண்டிருப்பதால் இந்த விவாதத்துக்கு வந்து சேரவில்லை.

மலாயில் இத்தொல்லை இல்லை. புத்தகம் 'புக்கு', பலவானால் 'புக்கு-புக்கு'. 1972 எழுத்துச் சீர்திருத்தம் வரை 'புக்கு2' என்று எண்ணைப் போட்டே வேலையை முடித்தார்கள்.

ஆக்டபஸ்: 'ஆக்டபை' என்பர் லத்தீன் கற்றோர். சொல் கிரேக்கம், ஆதலால் 'ஆக்டபொடீஸ்' என்பர் அவரினும் கற்றோர். ஈப்போ சந்தையில் சோத்தோங் எத்தனை கிடந்தாலும் கிலோக் கணக்குதான்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். 'சில்ட்ரன்ஸ்' என்று எழுதும் மாணவனுக்குப் புள்ளி வெட்டாதீர்கள். ஒரு புள்ளி கூட்டிப் போடுங்கள். 'சில்ட்ரன்ஸ்கள்' என்றால் இரண்டு.