காணாமப் போன கார்டு

டேய் பேராண்டி, கிராபிக்ஸ் கார்டக் காணோம்னு காலையிலேர்ந்து கத்தற. கத்து, இன்னும் பலமாக் கத்து, வடலூர் வரைக்கும் கேக்கட்டும். அதுவா பஸ் ஏறி குள்ளஞ்சாவடி ஸ்டாப்பிங்ல வந்து எறங்கிடும்.

மொதல்ல இத சொல்லு. கார்டுன்னு ஒண்ணு ஒன் லேப்டாப்புல இருந்துச்சா? கடைக்காரரு "நாலு ஜிபி கிராபிக்ஸ்"னு சொல்லித்தான் தலையில கட்டியிருப்பாரு. டாஸ்க் மேனேஜரத் தொறந்து பாரு. "ஷேர்டு"ன்னு ஒரு கணக்கு காட்டும், எட்டு ஜிபி ரேம்ல ஏறக்குறைய பாதி. அது ரேம்கிட்ட கைமாத்தா வாங்கறது, கார்டு இல்ல. மாடல் நம்பர கம்பெனி சைட்டுல போட்டா உண்மை தெரிஞ்சிடும். அப்பங்கிட்ட காசு வாங்கற அவசரத்துல அதுக்கெல்லாம் ஏது நேரம்? 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப்பு திட்டத்துல உங்கக்காவுக்கு ஒண்ணு கெடச்சுது. அதுல தனிக் கார்டும் இல்ல, காணாமப் போற வம்பும் இல்ல. அவ பாட்டுக்குப் படிச்சு முடிச்சா.

சரி, இருந்துச்சுன்னே வச்சுக்குவம். தனிக் கார்டு விருந்துக்கு வந்த மாப்பிள்ள மாதிரிடா. சும்மா கூப்புட்டா திரும்பிப் பாக்கமாட்டாரு. 2010-ல என்விடியாக்காரன் ஆப்டிமஸ்னு கொண்டாந்தான். அந்த ஏற்பாட்டுல ஸ்கிரீனு உள்ளூர் இன்டெல் கிராபிக்ஸ் கைல. கேம் மாதிரி பெரிய வேல வந்தாத்தான் மாப்பிள்ளய எழுப்புவாங்க, அவரு வரைஞ்சு குடுக்கறத இன்டெல்தான் காட்டும். வேல இல்லன்னா கரண்ட நிறுத்தித் தூங்க வச்சிடுவாங்க. நீ அவரு தூங்கறதப் பாத்து ஒப்பாரி வக்கிற.

பேட்டரி நிக்கட்டும்னு போன வாரம் எதையோ தட்டினியே, ஞாபகம் இருக்கா? லேப்டாப்புக் கம்பெனி ஆப்புல "ஈகோ"ன்னு ஒரு மோடு சில மாடல்ல உண்டு. அதப் போட்டா தனிக் கார்டு லிஸ்ட்லயே இருக்காது. தொரத்தினது நீ, தேடறதும் நீ.

நெய்வேலி தெர்மல்ல பெல்ட்டு நின்னா நாங்க ஸ்விட்சப் பாப்பம், அப்புறம் ஒயர, கடைசியாத்தான் மோட்டார கழட்டுவம். நீங்க படிச்சவங்க, எடுத்ததும் பார்மட்டு. இன்னாத்துக்குடா? டிவைஸ் மேனேஜர்ல மறைஞ்சிருக்கறதயும் காட்டச் சொல்லு. பேரு இருந்து மஞ்சள் முக்கோணமும் கோட் 43-ம் வந்தா, கோளாறுன்னு தகவல் வந்து விண்டோஸே நிறுத்தி வச்சிருக்குன்னு அர்த்தம். பழைய டிரைவர சேஃப் மோடுல சுத்தமாத் தொடச்சிட்டு, லேப்டாப்புக் கம்பெனி குடுக்கற டிரைவரப் போடு. பேரே இல்லன்னா ஷட் டவுன் பண்ணி, சார்ஜரப் புடுங்கிட்டு, பவர் பட்டன அரை நிமிசம் அமுக்கிப் புடி. அரை நிமிசம் எண்ணத் தெரியுமில்ல? அப்புறம் பயாஸ்ல போயி ஹைபிரிட்டா, இன்டெல் மட்டுமான்னு பாரு.

அதுக்கும் மசியலன்னா உபுண்டு பென்டிரைவ்ல, இன்ஸ்டால் பண்ணாம, பூட் பண்ணு. அங்க எல்எஸ்பிசிஐன்னு அடிச்சா போர்டுல உசுரோட இருக்கறதெல்லாம் வரிசையா பேர் சொல்லும். அங்க இருந்து விண்டோஸ்ல இல்லன்னா தப்பு விண்டோஸ் பக்கம். பயாஸ்லயும் இல்ல, உபுண்டுலயும் இல்லன்னா நூறு தடவ டிரைவர் போட்டாலும் பிரயோசனமில்ல.

அப்பத்தான் கடைக்காரரு வருவாரு, சிப்ப சூடு பண்ணினா சரியாயிடும்னு. சில சமயம் ஆவும், கொஞ்ச நாளைக்கு. சூடாயி ஆறி, சூடாயி ஆறித்தான் சிப்புக்கு அடியில பத்தவச்சது விரிசல் விடுது. 2008-ல என்விடியாவே லேப்டாப்புச் சிப்புல அந்த மாதிரி கோளாறுன்னு 15 கோடி டாலருக்கு மேல ஒதுக்கி வச்சுது. நீ கத்திரி வெயில்ல தலவாணி மேல வச்சு கேம் ஆடற. முந்திரிக்கொட்ட வறுக்கற பொகையும் நெய்வேலி சொரங்கத்துத் தூசியும் பேனுக்குள்ள படிஞ்சு கெடக்கு. அதத் தொறந்து பாக்க ஒனக்கு ஸ்க்ரூ டிரைவர் புடிக்க வராது, கேட்டா இன்ஜினியரிங்.

போ, மொதல்ல அந்த ஈகோவ எடு. கடலூர் கடைக்குப் போறன்னு அப்பங்கிட்ட பஸ் காசு வாங்கினியே, அத இங்க வச்சிட்டுப் போ. தாத்தாவுக்கு மல்லாட்ட வாங்கணும்.