வள்ளிய ஊட்டுல உட்டுட்டு முருகனைப் பாக்கப் போறவனுக்கு

வா கண்ணு, அந்தச் சார்ஜர் ஒயரைத் தள்ளிப்போட்டுக் கட்டல்ல உக்காரு. "வேலை, சாமி, ஊடு, காளை, இந்த நாலையும் எப்படிங்க அப்பாரு சமாளிக்கறது, நேரமே பத்தறதில்லைங்க"ன்னு கேட்டயே. இதப்போயி ஒரு கெழவன்கிட்டக் கேக்கோணும்னு தோணுச்சு பாரு, உன்ற படிப்பு வீண்போவல.

மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறேன். நீ சமாளிக்கலீன்னு ஆரு சொன்னா? அருமையாத்தான் சமாளிக்கறே. ஆராருக்கு என்னென்ன குடுக்கோணும்னு பங்கு பிரிச்சு வெச்சிருக்கறே. கம்பெனிக்குப் பயம், காளைக்குப் பாசம், சாமிக்குப் பக்தி. மிச்சம் மீதி இருந்தா பொண்டாட்டிக்கு.

வேலையையே எடுத்துக்குவோம். திருப்பூர்ல மெர்ச்சன்டைசர் உத்தியோகம் லேசுப்பட்டதில்ல, எனக்குந் தெரியும். அமெரிக்காக்காரன் பல்லு வெளக்கறபோது நமக்குப் பொழுது உழுந்திருது. அவன் ஒரு மெயில் தட்டுனா நீ சோத்துக் கையோட எந்திரிச்சு ஓடறே. சாயத்துண்டு வெட்டி அனுப்பி அப்ரூவல், சாம்பிள் தெச்சு அனுப்பி அப்ரூவல், பட்டன் நெறத்துக்கு ஒரு அப்ரூவல். "பையர் சரின்னு சொல்லாம துணி மேல கத்திரி படாதுங்க அப்பாரு"ன்னு பெருமையாச் சொன்னே. நல்ல பழக்கம். அதே நீதான் ஒரு சோடி காங்கயம் காளையை ராத்திரியோட ராத்திரியாக் கொண்டாந்து கட்டுத்தரையில கட்டிப்போட்டு, மக்யா நாள் வெடியால "புள்ள, ரெண்டு வந்திருக்குது பாரு"ன்னு சொன்னே. மூஞ்சி பாக்காத பையரைக் கேக்காம ஒரு பட்டன் வெக்கமாட்டே, தாலி கட்டுனவளக் கேக்காம ரெண்டு காளை வாங்கிப்போடுவே. சாமர்த்தியந்தான், போ.

இதுக்குக் காரணம் என்னன்னு நான் ரோசன பண்ணிப் பாத்தேன். சரக்கு லேட்டாச்சுன்னா தூத்துக்குடியில கப்பல் ஏற வேண்டியதை ஏரோப்பிளேன்ல ஏத்தோணும், அந்தச் செலவு கம்பெனி தலையில உழுவும். அதனால அங்க பதறுறே. ஊட்டுக்கு லேட்டாப் போனா ஆரு பில்லுப் போடறாங்க? சோறு ஆறிப்போயிருக்கும், அவ்வளவுதான். தண்டம் கேக்கறவனுக்கு நேரங் குடுக்கறே, கேக்காதவகிட்ட நேரமில்லைங்கறே. கடியாரத்து மேல பழியப் போடாத கண்ணு, அது பாவம், எல்லாத்துக்கும் ஒரே மாதிரித்தான் ஓடுது.

காளையப் பத்தி நான் குத்தஞ் சொல்லமாட்டேன். ரேக்ளா நானும் ஓட்டுனவந்தான். 200 மீட்டர், 300 மீட்டர், எச்சில் முழுங்கறதுக்குள்ள முடிஞ்சுபோற ஓட்டம். அதுக்கு ஞாயித்துக்கெழமை முச்சூடும் உடுமலையிலயும் பல்லடத்துலயும் வெயில்ல காயறே. பருத்திக்கொட்டை ஆட்டி ஊத்தறே, பேரிச்சம்பழம் ஊட்டறே. அன்னிக்கு ஒரு நாள் செவலைக் காளைக்கு மூக்குல ஈரங் காஞ்சிருக்குதுன்னு இருட்டுல தடவிப் பாத்தே கண்டுபுடிச்சு டாக்டருக்குப் போன் போட்டே. என்ற கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அதே வாரம் உன்ற பொண்டாட்டி ராவெல்லாம் இருமிட்டுக் கெடந்தா, நீ டிவி சவுண்டைக் கூட்டி வெச்சே. நீ ஆபீசுக்குப் போன பொறவு அதே காளைக்குத் தண்ணி காட்டறதும் சாணி வழிக்கறதும் அவதான். அதையும் முடிச்சுப்போட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குப் பாடஞ்சொல்லப் போறா. ஜல்லிக்கட்டு நடத்தலாம்னு சுப்ரீம் கோர்ட்டே 2023 மே மாசம் தீர்ப்புச் சொல்லிப்போடுச்சு. ஊட்டுக் கோர்ட்டுல உன்ற கேசு இன்னும் விசாரணைக்கே வல்ல, தெரிஞ்சுக்க.

இனிச் சாமிக்கு வருவோம். தைப்பூசத்துக்கு மாலை போட்டதும் நீ ஆளே வேற. நாலு மணிக்கெல்லாம் எந்திரிச்சுத் தண்ணி வாத்துக்கறே, கோவம் எட்டிப் பாக்கறதில்ல, தின்ன தட்டை நீயே கழுவறே, பொண்டாட்டியக்கூட "சாமி"ன்னு கூப்பிடறே. அந்த நாள்ல அவ மூஞ்சியில ஒரு தெளிச்சி இருக்குது பாரு, அது முருகன் குடுத்ததில்ல, நீ கழுவுன தட்டு குடுத்தது. பழனிக்குப் போயி மாலையக் கழட்டறே, தட்டு மறுக்காவும் அவ தலைக்கு வந்துருது. பாத்திரங் கழுவறதுக்கு முருகன் உனக்குச் சீசன் டிக்கட்டா குடுத்தனுப்பிச்சாரு?

பழனியில நிக்கறவரு ஆரு? பழங் கெடைக்கலீன்னு கோவிச்சுட்டு ஊட்டை உட்டு வந்து, கோவணத்தோட ஒத்தையில நிக்கற ஆண்டி. கும்புட வேண்டிய சாமிதான். ஆனா குடும்பஸ்தன் அவருகிட்டப் பாடங் கத்துக்கறதுக்கு ஒரு அளவு வேணும். எடப்பாடிக்காரங்களப் பாரு. காவடி தூக்கிட்டுக் குடும்பங் குடும்பமா நடந்து வாராங்க, மலை மேலயே பஞ்சாமிர்தம் பெசையறாங்க, மலையில ராத்தங்கற உரிமையே அவங்களுக்குத்தான். நீ பசங்களோட தாராபுரம் வழியா நடக்கறே, வழி நெடுகச் செல்பி எடுத்து ஊட்டுக்கு அனுப்பறே. அவ சாணிக் கையைத் தொடச்சுப்போட்டு லைக்குப் போடறா.

இங்க பக்கத்துலயே சிவன்மலை இருக்குது. அதே முருகன் அங்க வள்ளியோட குடியிருக்காரு. ஆண்டவன் உத்தரவுப் பெட்டி பாத்திருப்பயே. பக்தர் கனவுல சாமி வந்து இன்ன பொருளை வையின்னு சொல்லுவாரு, பூக் கேட்டுட்டுக் கண்ணாடிப் பெட்டியில வெச்சுருவாங்க. தண்ணி வெச்சிருக்காங்க, மண்ணு வெச்சிருக்காங்க, சைக்கிள்கூட வெச்சிருக்காங்க. இனி உன்ற பொண்டாட்டி கனவுல வந்தாருன்னா உன்ற செல்போனைத்தான் கேப்பாரோன்னு எனக்குப் பயமா இருக்குது. அடுத்த உத்தரவு வாற வரைக்கும் வெளிய எடுக்க முடியாது, பாத்துக்க.

அந்தப் புள்ளைக்கும் ஒரு ஆசை இருக்குதே, தெரியுமா? பொழுதோட மாரியம்மன் கோயல் முன்னால வள்ளி கும்மி பழகறாங்க, தானும் போவோணும்னு கேட்டா. "அப்பச் சோறு ஆரு ஆக்கறது"ன்னு நீ கேட்டது இந்தக் கட்டல் வரைக்கும் கேட்டுச்சு. பொம்பளைகளுக்கு வள்ளி கும்மி சொல்லிக் குடுத்தாரே, மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன், அவருக்கு 87 வயசுல, 2024ல, பத்மஸ்ரீ குடுத்துச்சு கவர்மென்ட்டு. கவர்மென்ட்டுக்குப் புரிஞ்சது உனக்குப் புரியறதுக்கு எத்தனை வருசம் ஆவுமோ.

அந்தக் கும்மியில என்ன கதை பாடறாங்கன்னு ஒரு நாளாச்சும் நின்னு கேட்டயா? தினைக்காட்டுல நின்ன புள்ளைக்காக முருகன் வேடனா வந்தாரு, வேங்கை மரமா நின்னாரு, கெழவனா வந்து தேனுந் தினைமாவுங் கேட்டாரு. அண்ணங்காரன் யானையா வந்து ஒத்தாசை பண்ணுன பொறவுதான் காரியமே ஆச்சு. தேவர் படைக்கே சேனாதிபதி அவரு, உன்னைய மாதிரி ஷிப்மென்ட் இருக்குதுன்னு சாக்குச் சொல்லலையே! நீ அத்தனை வேசம் கட்ட வேண்டாம். சமையக்காரன் வேசம் ஒண்ணு போதும்.

அரிசிம்பருப்புச் சோறு ஆக்கத் தெரியாதவன் கொங்கு நாட்டுல பொறந்தேன்னு சொல்லக் கூடாது. மூணு பங்கு அரிசி, ஒரு பங்கு தொவரம்பருப்பு, ஒரு கை சின்ன வெங்காயம், பூண்டு, வரமொளகா. தாளிச்சு வதக்கிக் குக்கரை மூடிப்போட்டீன்னா விசில் வாறதுக்குள்ள பையருக்கு மெயிலும் போட்டுக்கலாம். நெய்யி மட்டும் எனக்குச் சித்தே எச்சா ஊத்து. ஒத்தாசை பண்ண வந்த யானைக்குத் தீனி வேண்டாமா?

வாற சனிக்கெழமை ரெண்டு பேரும் சிவன்மலைக்கு நடந்து போயிட்டு வாங்க. பொழுதோட அவளக் கும்மிக்குத் தாட்டி உட்டுட்டு நீ குக்கரை வை. லீவு என்ன சொல்லிக் கேக்கறதுன்னு முழிக்காத. பந்தயத்துக்குப் போறபோதெல்லாம் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும். உன்ற மேனேஜர் ஊட்டுக்குப் போன் பண்ணி, "அப்பாரு தவறிட்டாருன்னு கேள்விப்பட்டேனுங்க, எத்தனை வயசுங்க"ன்னு என்கிட்டயே துக்கம் விசாரிச்சாரு. நானும் வயசைச் சொல்லி, நல்ல சாவுதானுங்கன்னு ஆறுதல் சொல்லி வெச்சேன். அதையே இந்தத் தடவையும் சொல்லிக்க கண்ணு. காளைக்காகச் செத்தவன், பேரன் பொண்டாட்டிக்காக இன்னொருக்காச் சாவ மாட்டனா?