சொம்புத் தண்ணீர்

1987-இல் அப்பத்தா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். காளையார்கோவில் பக்கம் எங்கள் ஊர். நாட்டு வைத்தியர் வந்து கட்டுப் போட்டுவிட்டுப் போனார். அவள் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஐந்து மாதம் கயிற்றுக் கட்டில்தான்.

அந்தக் காலத்தில் வீட்டுப் பெரியவர்களைக் குடும்பமே தாங்கியது என்று இப்போது பேசுகிறோம். எங்கள் வீட்டில் தாங்கியது அம்மா ஒருத்திதான். அப்பாவும் சித்தப்பாவும் காலையில் கட்டிலருகே நின்று "எப்படி இருக்கு ஆத்தா?" என்று கேட்டுவிட்டு வயலுக்குப் போவார்கள்.

பழைய வேட்டி ஒன்றை நாலாக மடித்து அப்பத்தாவின் முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில் அம்மா விரித்திருப்பாள். வேட்டியின் ஓரத்தை உள்ளங்கையில் சுருட்டிப் பிடித்துத் தன் பக்கம் மெல்ல இழுப்பாள். உடம்பு உரசாமல் அப்பத்தா ஒருக்களித்துக்கொள்வாள். அப்புறம் அம்மா முதுகிலும் குதிகாலிலும் சிவந்திருக்கிற இடத்தை விரலால் அழுத்திப் பார்ப்பாள். அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே நின்றால் புண் வரப்போகிறது என்று அர்த்தம். ராத்திரியிலும் இரண்டு மூன்று தடவை எழுந்து புரட்டிவிடுவாள். ஐந்து மாதத்தில் ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை. இதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, நான் கேட்டதே இல்லை.

கடைசி வாரம் அப்பத்தா பிதற்ற ஆரம்பித்தாள். என்றைக்கோ செத்துப்போன அண்ணனைக் கூப்பிட்டாள். கட்டிலுக்கடியில் கோழி மேய்கிறது, விரட்டு என்றாள். "காலம் நெருங்கிருச்சு" என்றார்கள். சொந்தம் கூடியது, வாயில் பால் ஊற்றினார்கள். எட்டாம் நாள் போய்விட்டாள்.

இப்போது அம்மாவுக்கு 79 வயது. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் வராமல் மதுரையில் என்னோடு இருக்கிறாள். ஏர் பெட், டயப்பர், மூன்று வேளைக்குப் பிரித்த மாத்திரை டப்பா எல்லாம் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. அம்மாவுக்குக் கிடைக்காத துணை எனக்குக் கிடைத்திருக்கிறது.

போன தை மாதம் ஒரு ராத்திரி அம்மா எழுந்திருக்கத் தவித்தாள். "அத்தை கூப்பிடுறாங்க, புரட்டிவிடணும்" என்றாள். என்னை யாரென்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். "வயசாயிருச்சும்மா, இப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் நானும் அதை நம்பினேன். அந்த இரண்டு நாளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த நர்ஸ்தான், "ஒன்னுக்கு எத்தனை தடவை போறாங்கக்கா? தண்ணி எவ்வளவு குடிக்கிறாங்க?" என்று கேட்டாள். பரிசோதித்தால் சிறுநீரில் கிருமி. வயதானவர்களுக்குத் தாகமே குறைந்துவிடுமாம். நீர் வற்றித் தொற்றும் சேர்ந்தால் காய்ச்சல் இல்லாமலேகூட புத்தி தடுமாறுமாம். திடீரென்று இரண்டொரு நாளில் வருகிற குழப்பத்தை வயசு என்று தள்ளக்கூடாது, காரணம் தேட வேண்டும் என்று அவள் சொன்னதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் சொம்பில் தண்ணீர் குறையாததை நான் கவனிக்கவே இல்லை. ராத்திரி என்னை எழுப்பவேண்டி வருமே என்று குடிக்காமல் இருந்திருக்கிறாள்.

ஏழு நாள் மாத்திரை. நாலாம் நாள் என் பேரைச் சொல்லிக் காப்பி கேட்டாள்.

தெளிந்தபின் ஒரு சாயங்காலம் எதனால் வந்தது என்று அவளிடம் விளக்கினேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"அத்தையும் தண்ணி வேணாம், வேணாம்னுதான் சொல்வாங்க, எனக்குச் சிரமம்னு. வச்ச சொம்பு வச்சபடியே இருக்கும். காலையில எடுத்து கருவேப்பிலைக் கன்னுக்கு ஊத்திருவேன்."