எங்கள் வீட்டுக்கும் ஒரு பெட்டி

அனுப்புநர்: உங்கள் கணக்கில் வராத ஒரு பார்வையாளன்
பெறுநர்: நிர்வாகத் தலைவர் அவர்கள், பார்க் இந்தியா (டிவி பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் அமைப்பு), மும்பை
பொருள்: டி.ஆர்.பி. பெட்டி பொருத்தித் தரக் கோருதல் தொடர்பாக

ஐயா,

இரவு எட்டு மணியானால் தமிழ்ச் செய்தி சேனல்களில் நாலு பேரை உட்காரவைத்து ஒரே நேரத்தில் பேசவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், ஜனங்களுக்கு இதுதான் பிடிக்கிறது என்கிறார்கள். யார் அந்த ஜனங்கள் என்று எங்கள் தெருவில் விசாரித்தேன். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஜனங்கள் உங்களிடம்தான் இருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

2020 கணக்குப்படி நாட்டில் டிவி உள்ள வீடுகள் சுமார் 21 கோடி. யார் எந்தச் சேனல் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளும் உங்கள் பெட்டி இருந்ததோ ஏறத்தாழ 44,000 வீடுகளில். அந்தக் கணக்கில் ஒருவர் தன் வீட்டு ரிமோட்டை அழுத்தினால் சுமார் 4,700 வீடுகளின் சார்பில் அழுத்தியதாகிறது. எங்கள் எம்.எல்.ஏ.வையாவது தேர்தலுக்குத் தேர்தல் தெருவில் பார்க்கலாம். எங்களுக்காக டிவி பார்ப்பவர் யார் என்பது பரம ரகசியம். ரகசியம் வேண்டியதுதான், தெரிந்தால் சேனல்காரர்கள் பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்த ரகசியத்தையும் மோப்பம் பிடித்து, சில வீடுகளுக்குப் பணம் கொடுத்துச் சேனலை ஓடவிட்டார்கள் என்று 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் குற்றம்சாட்டியபோதுதான் உங்கள் பெயர் எங்கள் டீக்கடை வரை வந்தது.

செய்தி சேனல்களுக்கான ரேட்டிங்கை உடனே நிறுத்திவைத்தீர்கள். 8 முதல் 12 வாரம் என்றீர்கள். 2022 மார்ச் வரை இழுத்தது. யார் முதலிடம், யார் கடைசி என்று தெரியாத அந்த 17 மாதத்தில், இனிக் கத்தி என்ன லாபம், நிதானமாகச் செய்தி வாசிப்பார்கள் என்று நம்பினேன். ஒருவரும் குரலைத் தணிக்கவில்லை. ஆகவே பழி முழுக்க உங்கள் பெட்டியின் மேல் இல்லை என்று இதன்மூலம் சான்றளிக்கிறேன். ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

ஆனாலும் பெட்டிக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. 2016 டிசம்பர் 5 மாலையை நினைத்துப் பாருங்கள். முதல்வர் ஜெயலலிதா காலமாகிவிட்டார் என்று சில தமிழ்ச் சேனல்கள் அறிவித்தன. கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்தது. கொடி மறுபடி ஏறியது. அவர் காலமானதாக மருத்துவமனை சொன்ன நேரம் இரவு 11.30. நடந்த பிறகு சொல்வது பழைய பத்திரிகைக்காரர்களின் தொழில். நம்மவர்கள் நடப்பதற்குப் பல மணி நேரம் முன்பே சொல்லிவிட்டார்கள். தமிழ்நாடே அன்று சேனல் மாற்றி மாற்றிப் பார்த்தது. அவசரப்பட்டவரைப் பார்த்ததும் உங்கள் கணக்கில் பார்வைதான், மருத்துவமனை சொல்லட்டும் என்று காத்திருந்தவரைப் பார்த்ததும் பார்வைதான். சரியாகச் சொன்னாரா என்று கேட்க உங்கள் பெட்டிக்கு வாயில்லை.

பெட்டியோடு, யார் பார்க்கிறார்கள் என்று அழுத்திச் சொல்ல வீட்டில் ஆளுக்கொரு பொத்தான் தருவீர்களாம். எங்கள் வீட்டு நிலவரம் சொல்கிறேன். அப்பா விவாதத்தைப் போட்டுவிட்டு முதல் விளம்பர இடைவேளைக்குள் குறட்டைக்குப் போய்விடுவார். ரிமோட் மட்டும் கையிலேயே இருக்கும், பிடுங்கினால் விழித்துக்கொள்வார். அம்மா அந்த நெறியாளரைத் திட்டுவதற்கென்றே உட்காருகிறார். கடைசி வார்த்தை வரை நகர மாட்டார். இருவருமே உங்கள் அறிக்கையில் அந்த நிகழ்ச்சியின் பரம ரசிகர்களாகத்தான் இருப்பார்கள். எனவே ‘தூங்குகிறேன்’, ‘திட்டிக்கொண்டிருக்கிறேன்’ என்று இரண்டு பொத்தான்கள் கூடுதலாக வைத்துத் தர வேண்டுகிறேன். முதலிடம் யாருக்கு என்பது ஒரே வாரத்தில் தெளிவாகிவிடும்.

இதற்கு உங்கள் பங்குதாரர்கள் சம்மதிப்பார்களா என்பதுதான் சந்தேகம். 60 சதவீதம் ஒளிபரப்பாளர்களுடைய சங்கத்துக்கு, 20 விளம்பரதாரர்களுக்கு, 20 விளம்பர ஏஜென்சிகளுக்கு. பரீட்சை எழுதுகிறவர்களே விடைத்தாளையும் திருத்துகிற, யாருக்கும் மனக்கசப்பில்லாத ஏற்பாடு. பார்க்கிறவர்களுக்கு எத்தனை என்று கூட்டிப் பார்த்தேன். நூறு அதற்குள் முடிந்துவிட்டது.

பெட்டி பொருத்தும் வீடுகளை நீங்களேதான் தேர்ந்தெடுப்பீர்கள், கேட்டு வாங்க முடியாது என்பது தெரியும். தெரிந்தும் விண்ணப்பிக்கிறேன். ஒருவேளை மனமிரங்கி ஆள் அனுப்பினால், தயவுசெய்து இரவு எட்டிலிருந்து ஒன்பதுக்குள் வேண்டாம். விவாதம் ஓடிக்கொண்டிருக்கும், காலிங் பெல் அடித்தால் கேட்காது.

இப்படிக்கு,
4,700-இல் ஒருவன்