நான்காம் ஸ்தானம்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள், தான் பருத்துவிட்டதாகச் சொல்லி, இரண்டு இட்லியில் ஒன்றைத் தட்டிலேயே ஒதுக்கிவிடுகிறாள். வயிற்று உப்புசமும் மலச்சிக்கலும் வேறு. எப்படிக் கண்டித்துத் திருத்துவது?
– ஒரு தாய், கோட்டூர்புரம்.

பதில்: அம்மணி, முதலில் கண்டிப்பைத் தட்டின் அருகிலிருந்து அப்புறப்படுத்துங்கள். 1945-ல் அமெரிக்காவின் மினசோட்டா சர்வகலாசாலையில், ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாத காலம் ஆகாரத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துப் பரீட்சித்தபோது, சரீரம் மெலிந்ததோடு நில்லாமல், மனச்சோர்வும் எரிச்சலும் தோன்றி, சோற்றைப் பற்றிய நினைவே அவர்கள் சிந்தையை ஆட்கொண்டுவிட்டது என்பதை நோக்கினால், உங்கள் மகளின் பிடிவாதத்தில் பெரும்பகுதி அவளுடையதன்று, பசியினுடையது என்பது விளங்கும். அரைவயிறு உண்பவரின் இரைப்பையும் குடலும் மந்தப்படுவதால், உப்புசமும் சிக்கலும் அதன் விளைவாகவே இருக்கக்கூடும். ஆகையால் வைத்தியரையும், மனநல நிபுணரையும், எடை பார்க்குமுன் அவள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் உணவியல் நிபுணரையும் தாமதியாமல் நாடுங்கள். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோயாளி, வைத்தியர், மருந்து என்பவற்றோடு, அருகிருந்து பணிபுரிபவரையும் சிகிச்சையின் அங்கமாகவே கணக்கிடுகிறது. அந்த நான்காம் ஸ்தானம் உங்களுடையது. இன்றிரவு அவள் உருவத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், உடன் அமர்ந்து உண்ணுங்கள்.